மெட்டில்லாக் கிதாரும் தந்தியின் கனமும்

சங்கீதம் என்றால் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் என்று எண்ணிப் பழகிய தமிழ்க் குடும்பங்கள் பல இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வேரூன்றி வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் தாம் வளரும் நகரத்தின் இசையையும் தமதாக்கிக் கொண்டுவிட்டனர். மாலையில் அம்மாவின் கீர்த்தனம் ஒலிக்கும் அதே கூடத்தில், இரவில் மகனோ மகளோ பேஸ் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு சாதகம் செய்வது இன்று புதுமையான காட்சி அன்று. இவ்விரு இசைகளுக்கும் இடையே ஒரு பாலம் உண்டென்றால், அது மெட்டுகள் இல்லாத பேஸ் கிதார் எனலாம். அக்கருவிக்குத் தந்தி தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் கருவியை அறிமுகம் செய்துகொள்வோம். பேஸ் கிதார் என்பது சாதாரணக் கிதாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. பெரும்பாலும் நான்கு தந்திகள் உடையது. மேலிருந்து கீழாக ஜி, டி, ஏ, ஈ என்று அவற்றைச் சுருதி கூட்டுவர். ஜி தந்தி வினாடிக்கு 98 முறை அதிர்கிறது. டி ஏறக்குறைய 73 முறை. ஏ 55 முறை. ஈ 41 முறை. தந்தி ஒலிக்கும் நீளம், அதாவது மேல்தடுப்புக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட தூரம், வழக்கமாக 34 அங்குலம். சுமார் 86 சென்டிமீட்டர். வீணையின் தண்டியில் மெட்டுகள் இருப்பதைப் போல இதன் கழுத்திலும் உலோக மெட்டுகள் பதித்திருக்கும். அம்மெட்டுகளை நீக்கி, விரற்பலகையை வழுவழுப்பாக விட்டுவிட்டால் அதுவே மெட்டில்லாத பேஸ். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள உறவை அறிந்த நமக்கு இதனை விளக்கிக் கூறத் தேவையில்லை.

இதன் வரலாறு சுவையானது. லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் 1951ஆம் ஆண்டில் மெட்டுள்ள மின்சாரப் பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குத் 'துல்லியம்' என்று பொருள்படும் 'பிரிசிஷன்' என்ற பெயரைச் சூட்டினார். மெட்டில்லாத பெரிய டபிள் பேஸ் வாத்தியத்தில் சுருதி பிசகுவது எளிது. மெட்டு வைத்துவிட்டால் அக்கவலை இல்லை என்பதே அப்பெயரின் கருத்து. ஆனால் பத்தே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1961இல் இங்கிலாந்தின் பில் வைமன் மலிவான ஒரு பேஸ் கிதாரின் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைப் பதிக்க எண்ணினார். மெட்டில்லாமலே அதன் நாதம் இனிமையாக இருக்கக் கண்டு அப்படியே வைத்துக்கொண்டார். 1966இல் ஆம்பெக் நிறுவனமும் 1970இல் ஃபெண்டர் நிறுவனமும் மெட்டில்லாத பேஸ்களைத் தாமே செய்து விற்கத் தொடங்கின. 1976இல் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டு, இக்கருவி பக்கவாத்தியம் மட்டுமன்று, பாடவும் வல்லது என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது.

இனி நம் பொருளுக்கு வருவோம். மெட்டுள்ள கிதாரில் தந்தியை ஏந்துவது உலோக மெட்டு. விரல் அதன் பின்னே அழுத்தினால் போதும். மெட்டில்லாத கருவியிலோ தந்தியை நேரே ஏந்துவது மரமும் விரல் நுனியும். ஆகையால் தந்தியின் கனம், அதன் மேற்பரப்பு, அதன் இழுவிசை ஆகிய மூன்றும் இங்கே இருமடங்கு முக்கியத்துவம் பெறுகின்றன. பொருத்தமற்ற தந்தி பூட்டினால் நாதம் கெடுவதோடு நில்லாது, விரற்பலகை அரிபடும், கழுத்து வளையும், கற்கும் பிள்ளையின் விரலும் செவியும் சோர்ந்துபோகும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய வாத்தியத்தை ஓராண்டில் மூலையில் சாய்த்துவிடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பிள்ளைக்குச் சிரத்தை இல்லை என்று பெற்றோர் முடிவு செய்துவிடுகின்றனர். குறை பல நேரங்களில் பிள்ளையிடம் இல்லை, தந்தியில் இருக்கிறது.

கடையில் தந்திக் கட்டுகளின் மேல் 45, 65, 80, 105 என்பன போன்ற எண்கள் அச்சிட்டிருக்கும். மொழிபெயர்ப்புத் தொழிலில் உழலும் நாம் இதற்கு 'விட்டம்', 'பருமன்' என்றெல்லாம் சொல் தேடலாம். ஆனால் வாத்தியக்காரர் யாவரும் 'கேஜ்' என்றே வழங்குவதால் அச்சொல்லே இருக்கட்டும். இவ்வெண் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. 45 என்றால் தந்தியின் குறுக்களவு 1.14 மில்லிமீட்டர், 105 என்றால் 2.67 மில்லிமீட்டர். முதல் தந்தி 40இல் தொடங்குவதை மெல்லிய கட்டு என்றும், 45இல் தொடங்குவதை நடுத்தரம் என்றும், 50இல் தொடங்குவதைக் கனத்த கட்டு என்றும் பொதுவாகக் கொள்வர்.

கனம் கூடினால் என்ன நேருகிறது? பிரான்ஸ் தேசத்துப் பாதிரியாரும் கணித அறிஞருமான மெர்சென் 1636ஆம் ஆண்டிலேயே இதற்கான விதியை நூலில் வெளியிட்டார். தந்தியின் நீளமும் அது தரவேண்டிய ஸ்வரமும் மாறாதிருக்க, தந்தியின் எடை கூடுமளவுக்கு இழுவிசையையும் கூட்டவேண்டும் என்பது அதன் சாரம். எடையோ குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே குறுக்களவு பத்து சதவீதம் கூடினால் இழுவிசை இருபத்தொரு சதவீதம் கூடிவிடும். 45க்குப் பதில் 50 பூட்டினால் எண்ணில் ஐந்துதானே வேறுபாடு என்று தோன்றும். விரலுக்கோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதல் பளு. கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பாமல் இந்தச் சிறு கணக்கை மனத்தில் வைத்திருப்போர் ஏமாறுவதில்லை.

இக்கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்வோம். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மத்யம இடைவெளி. அதாவது அதிர்வெண்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இறங்குகின்றன. நான்கு தந்திகளும் ஒரே இழுவிசையோடு இருக்கவேண்டுமானால் குறுக்களவும் அதே விகிதத்தில் ஏறவேண்டும். 45இல் தொடங்கினால் அடுத்தது 60, அதற்கடுத்தது 80, இறுதியானது ஏறக்குறைய 107. இதனைக் கடைக் கட்டுகளோடு ஒப்பிடுங்கள். பல கட்டுகளில் இரண்டாம் தந்தி 65. கணக்குப்படி அது மற்றவற்றைவிடச் சுமார் பதினேழு சதவீதம் விறைப்பாக இருக்கும். மூன்றாம் தந்தி சில கட்டுகளில் 80, சிலவற்றில் 85. பிந்தியது பதின்மூன்று சதவீதம் விறைப்பானது. 'டி தந்தி மட்டும் ஏன் இப்படி விரலை எதிர்க்கிறது?' என்று பிள்ளைகள் கேட்பதற்குக் காரணம் இதுவே. சுற்றுக் கம்பிகளுக்கு இடையே காற்றிடம் இருப்பதால் இவ்வெண்கள் அணுப்பிசகாதவை அல்ல. எனினும் எந்தத் தந்தி முறுக்காக இருக்கும், எது தளர்ந்திருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இவை போதும். தந்திகளைத் தனித்தனியாக விற்கும் கடை கிடைத்தால், 60ஐ வாங்கி இரண்டாம் இடத்தில் பூட்டிப் பார்க்கலாம். கைக்கு உடனே வேற்றுமை தெரியும்.

ஐந்து தந்திப் பேஸ் வைத்திருப்போருக்கும் இதே கணக்கு உதவும். கீழே சேரும் பி தந்தி அதே இழுவிசை பெறவேண்டுமாயின் 142 அளவு வேண்டும். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 125 முதல் 135 வரையே. 130 என்று கொண்டால் பதினாறு சதவீதம் தளர்ச்சி. ஐந்தாம் தந்தி 'தொளதொள' என்று ஆடுவதற்கு வாத்தியத்தைக் குறை கூறிப் பயனில்லை. இதை ஈடுசெய்யவே சில கைவினைஞர் நீளத்தை 35 அங்குலமாக்குகின்றனர். அதனால் இழுவிசை ஆறு சதவீதம் உயர்கிறது. மறுபுறம், சிறுவர்க்கு ஏற்ற 30 அங்குலக் குட்டைப் பேஸில் அதே தந்தியின் இழுவிசை இருபத்திரண்டு சதவீதம் குறைகிறது. அதற்கு அந்நீளத்துக்கென்றே செய்த தந்தியை, சற்றே கனத்ததாக, வாங்குதல் நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண் ஒன்றாக இருப்பதனாலேயே இழுவிசையும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ளலாகாது. தந்தியின் உள்ளே எஃகுக் கரு. அதன் மேல் சுற்று. அச்சுற்று எதனால் ஆனது, எவ்வாறு சுற்றியது என்பதைப் பொறுத்து எடை மாறும். கறுப்பு நைலான் நாடா சுற்றிய தந்திகள் பார்வைக்குப் பருத்தவை. ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் 'ட்ரூ பேஸ்' கட்டில் 65, 75, 100, 115 என்றே எண்கள் காணப்படுகின்றன. இவை இரும்பு விறைப்பாக இருக்கும் என்று அஞ்சவேண்டியதில்லை. நைலானின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கை ஒட்டியது. ஆகையால் பருமன் பெரிதாயினும் எடை பெரிதன்று. ஆகவே எண்களை ஒப்பிடும்போது ஒரே இனத் தந்திகளுக்குள் ஒப்பிடுவதே முறை.

இனங்கள் நான்கு என்று கொள்ளலாம். முதலாவது உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட் வவுண்ட். மேற்பரப்பு அரம் போல் மேடுபள்ளமாக இருக்கும். நாதம் பிரகாசமானது, நெடுநேரம் ஒலிக்கும். இரண்டாவது தட்டைப் பட்டி சுற்றிய ஃபிளாட் வவுண்ட். கண்ணாடிபோல் வழுவழுப்பானது, நாதம் கனிந்தது, ஆனால் விரைவில் அடங்குவது. மூன்றாவது, உருண்டையாகச் சுற்றிப் பின் மேற்பரப்பை இழைத்தது, இரண்டுக்கும் நடுவானது. நான்காவது மேலே கூறிய நைலான் நாடா வகை. டபிள் பேஸின் குரலை ஓரளவு நினைவூட்டும். விரலுக்கும் மரத்துக்கும் மிக மென்மையானது.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் பயன்படுத்தியவை ரோட்டோசவுண்டின் 'ஸ்விங் பேஸ்' என்னும் உருண்டைச் சுற்றுத் தந்திகள். 45, 65, 80, 105. அவரது நாதத்தை விரும்பும் இளைஞர் அனைவரும் அவற்றையே நாடுவது இயல்பு. ஆனால் அவர் தம் விரற்பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸிப் பூச்சைக் கெட்டியாகப் பூசியிருந்தார் என்பதையும் மறக்கலாகாது. அப்பூச்சு இன்றி வெறும் மரத்தின் மேல் அத்தந்திகளை ஓட்டினால், சில மாதங்களிலேயே தந்தியின் வழித்தடம் மரத்தில் பள்ளமாக விழுந்துவிடும். சுற்று துருப்பிடிக்காத எஃகாயின் தேய்மானம் வேகமாக இருக்கும். நிக்கல் பூசியதாயின் சற்று மெதுவாக இருக்கும்.

எனவே தந்தி வாங்குமுன் உங்கள் பிள்ளையின் வாத்தியத்தில் விரற்பலகை எம்மரம் என்று கேட்டறியுங்கள். பெரும்பாலும் அது ஈட்டி மரமாக இருக்கும். தென்னிந்தியக் காடுகளில் விளையும் அம்மரம் உலகெங்கும் கிதார் செய்வோர் விரும்பி வாங்குவது. நம் மலைச்சாரலில் வளர்ந்த மரமே வெளிநாட்டுக் கிதாரின் உருவில் தில்லிக் கடைக்குத் திரும்பி வந்திருக்கவும் கூடும். ஈட்டி அழகிய மரம். எனினும் கருங்காலியைப்போல் அத்தனை கடினமன்று. பூச்சில்லாத ஈட்டிக்குத் தட்டைச் சுற்றோ நைலான் நாடாவோ பொருத்தம். கருங்காலிக்கு நிக்கல் பூசிய உருண்டைச் சுற்றையும் துணிந்து பூட்டலாம். எபாக்ஸி பூசியதாயின் எதையும் பூட்டலாம்.

இனி நம்மவர்க்கே உரிய ஒரு கேள்வி. கர்நாடக சங்கீதத்தின் உயிர் கமகம். மெட்டில்லாத பேஸில் தோடியின் காந்தாரத்தையும் பைரவியின் நிஷாதத்தையும் அசைத்துப் பிடிக்க முடியுமா? முடியும், முயன்று காட்டுவோரும் உண்டு. பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில் வயலின் நம் இசைக்குள் புகுந்து நிலைத்தற்கு, அதில் மெட்டில்லாமை பெருந்துணையாயிற்று அன்றோ! ஆனால் கமகத்துக்கு ஏற்ற தந்தி எது என்பதில் ஒரு முரண் இருக்கிறது. ஜாருவுக்கு விரல் தந்தியின் வழியே தடையின்றி ஓடவேண்டும்; அதற்குத் தட்டைச் சுற்றே சிறந்தது. உருண்டைச் சுற்றில் விரல் ஓடும்போது 'கீச்' என்ற ஒலி எழும். ஆனால் ஜாரு முடியும்வரை நாதம் நின்று ஒலிக்கவும் வேண்டும். அதற்கு உருண்டைச் சுற்றே சிறந்தது. தட்டைச் சுற்றில் ஒரே மீட்டலில் நீண்ட பிரயோகம் செய்யப் புகுந்தால் பாதியில் நாதம் மறைந்துவிடும். இம்முரணுக்கு நடுவழி மேற்பரப்பை இழைத்த மூன்றாம் இனத் தந்தி. நெடிய ஜாருக்களை விரும்புவோர் முதலில் இதனைச் சோதிப்பது நலம்.

வீணையில் செய்வதுபோல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை உயர்த்தும் வழக்கத்தை மட்டும் இக்கருவியில் தவிர்க்கவேண்டும். கனத்த தந்தி அதற்கு இசையாது. இசையும் மெல்லிய தந்தியோ மரத்தைக் குறுக்கே அறுக்கும். அசைவு எப்போதும் தந்தியின் நீளவாக்கில், கோட்டுவாத்தியத்தின் வழியில், இருக்கட்டும்.

அடுத்தது சுருதி. வீட்டில் பாடுவோருடன் சேர்ந்து வாசிக்க விரும்பும் பிள்ளை, ஷட்ஜ பஞ்சமங்கள் திறந்த தந்தியில் கிடைத்தால் மகிழ்வடையும். ஏனெனில் மெட்டில்லாத கருவியில் நம்பிப் பிடிக்கத்தக்க ஸ்வரங்கள் திறந்த தந்திகளே. இதற்கும் கணக்கு உண்டு. பாடுவோர் இரண்டு கட்டைச் சுருதியினராயின் ஷட்ஜம் டி, பஞ்சமம் ஏ. ஐந்து கட்டையாயின் ஷட்ஜம் ஜி, பஞ்சமம் டி. ஆறு கட்டையாயின் ஷட்ஜம் ஏ, பஞ்சமம் ஈ. இம்மூன்றுக்கும் வழக்கமான சுருதியிலேயே இரண்டும் திறந்த தந்தியில் கிடைக்கின்றன, எதையும் மாற்றவேண்டியதில்லை. ஒன்றரை, நாலரை, ஐந்தரைக் கட்டைகளுக்கு நான்கு தந்திகளையும் அரை ஸ்வரம் இறக்கினால் ஷட்ஜ பஞ்சமங்கள் அமைந்துவிடும். ஒரு கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் முழு ஸ்வரம் இறக்கவேண்டும்.

இறக்கினால் இழுவிசை குறையும் என்பதை மெர்சென் விதி நமக்குச் சொல்லும். அரை ஸ்வரம் இறக்கினால் பதினொரு சதவீதம்; முழு ஸ்வரம் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாயார் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார். மகள் கல்லூரி வாத்தியக் குழுவில் வழக்கமான சுருதியில் வாசிக்கிறாள். இவளுக்கு 45, 65, 85, 105 என்ற நடுத்தரக் கட்டு இரண்டு வேளைக்கும் பொருந்தும். மாலையில் அரை ஸ்வரம் இறக்கும்போது நேரும் பதினொரு சதவீதத் தளர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். 40இல் தொடங்கும் மெல்லிய கட்டாயின் தாங்காது. தந்தி பலகையில் அடித்துச் சலசலக்கும். மற்றொரு வீட்டில் தந்தையார் ஒரு கட்டையில் பாடுகிறார். மகன் அவருடன் மட்டுமே வாசிக்கிறான். அவன் முழு ஸ்வரம் இறக்கி அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 50இல் தொடங்கும் கனத்த கட்டைப் பூட்டவேண்டும். 45க்குப் பதில் 50 பூட்டுவதால் கூடும் இழுவிசையும், சுருதி இறக்குவதால் குறையும் இழுவிசையும் முதல் தந்தியில் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. தந்தியின் கனத்தைத் தெரிந்தெடுக்குமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி 'யாருடன் வாசிக்கப் போகிறாய்?' என்பதே என்று நாம் கருதுகிறோம்.

இழுவிசை நாதத்தின் இயல்பையும் மாற்றும். மெட்டில்லாத பேஸுக்கே உரிய முனகல் போன்ற ஒரு குழைவு உண்டு. தந்தி அதிரும்போது தன் நீளத்தில் விரற்பலகையை மெல்லத் தீண்டித் தீண்டி விலகுவதால் அது பிறக்கிறது. அதற்குத் தந்தி பலகைக்கு மிக அருகே ஓடவேண்டும். விறைப்பான தந்தி குறுகிய வீச்சில் அதிர்வதால் அதனைத் தாழ்வாக வைக்கலாம். தளர்ந்த தந்தி அகன்று ஆடுவதால் உயர்த்தி வைக்கவேண்டிவரும். உயர்த்தினால் குழைவு மறையும். அழுத்தும்போது தந்தி கூடுதலாக நீண்டு ஸ்வரமும் சற்றே ஏறிவிடும். அதற்காக அளவுக்கு மிஞ்சிய கனமும் ஆகாது. பருத்த தந்தி வளைய மறுப்பதால் அதன் மேல் ஸ்வரங்கள் மங்கி, சுருதி இன்னதென்று செவி தெளிவது கடினமாகும். மெட்டில்லாத கருவியில் செவியே மெட்டு. செவிக்குத் தெளிவு தராத தந்தி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பயனற்றது.

துல்லியம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவோம். அரை ஸ்வர இடைவெளியை நூறு கூறாகப் பிரித்தால், கழுத்தின் மேல்முனையில் விரல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டு கூறு பிழை; மேல் ஷட்ஜ ஸ்தானத்தில் நான்கு கூறு; அதற்கும் மேலே பஞ்சமத்தில் ஆறு கூறு. விரல் நுனியின் அகலமோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல். ஆகையால் பழகும் பிள்ளைக்குக் கோடிட்ட விரற்பலகை இழுக்கன்று. மெட்டுள்ள கருவியில் மெட்டுக்குப் பின்னே அழுத்துவர். இங்கே சரியாகக் கோட்டின் மேலேயே அழுத்தவேண்டும். புதிதாகக் கற்போர் 45இல் தொடங்கும் தட்டைச் சுற்றை ஓராண்டு காலம் மாற்றாமல் வைத்துக்கொள்ளட்டும். அடிக்கடி கனத்தை மாற்றினால் விரலின் நினைவு கலைந்துபோகும்.

புதிய கனத்துக்கு மாறும்போது கவனிக்கவேண்டியவை மூன்று. ஒன்று, மேல்தடுப்பின் பள்ளம். பழைய தந்தியின் அளவுக்கு அறுத்த பள்ளத்தில் கனத்த தந்தி இறங்காது. மெல்லிய தந்தி நடுங்கி இரையும். பள்ளத்தை அராவுவது அனுபவமுள்ள கைவினைஞர் செய்யவேண்டிய வேலை. இரண்டு, கழுத்து. நான்கு தந்திகளும் சேர்ந்து 75 கிலோவை ஒட்டிய பளுவால் கழுத்தை முன்னே இழுக்கின்றன. ஒரு வளர்ந்த மனிதர் எப்போதும் அதைப் பற்றித் தொங்குவதற்கு நிகர். கழுத்தினுள் ஓடும் எஃகுக் கம்பி இதனை எதிர்த்து நிற்கிறது. கனத்த கட்டுக்கு மாறினால் அதைச் சிறிது முடுக்கவும், மெல்லியதற்கு மாறினால் சிறிது தளர்த்தவும் வேண்டிவரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. தந்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினால் கழுத்துக்கு அதிர்ச்சி நேராது. மூன்று, தந்தியை வெட்டும் முறை. தட்டைச் சுற்றுத் தந்தியை முதலில் செங்கோணமாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டவேண்டும். நேராக வெட்டினால் சுற்று அவிழ்ந்து தந்தி வீணாகும்.

ஊரின் தட்பவெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. தில்லியின் கோடைக் காற்று மரத்தை உலர்த்துகிறது. மழைக்காலம் அதனையே ஊறச் செய்கிறது. ஆண்டுக்கு இருமுறையேனும் கழுத்தின் நேர்மையைச் சோதிப்பது வட இந்திய நேயர்களுக்கு அவசியம். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் முதற்பகை துரு. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியும் மேலுமாகத் துடைத்துவைத்தால் அதன் ஆயுள் நீளும். உருண்டைச் சுற்றின் பிரகாசம் எவ்வளவு பேணினாலும் சில மாதங்களில் மங்கும். தட்டைச் சுற்றோ ஆண்டுக்கணக்கில் உழைக்கும். விலை கூடுதலாயினும் இறுதியில் தட்டைச் சுற்றே சிக்கனம் என்பதைக் குடும்பச் செலவைக் கணக்கிடுவோர் நினைவிற்கொள்வார்களாக.

தொகுத்துக் கூறின்: வாத்தியத்தின் நீளத்தை அளந்து அறிக, விரற்பலகையின் மரத்தையும் பூச்சையும் அறிக, யாருடன், எந்தச் சுருதியில் வாசிப்பது என்பதை முடிவு செய்க, அதன் பின்னரே எண்ணைப் பார்க்க. ஐயம் எழுமாயின் 45 முதல் 105 வரையிலான தட்டைச் சுற்றில் தொடங்குக. மற்றவை அனைத்தும் அதிலிருந்து கூட்டலும் கழித்தலுமே.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நாம், நம் இசை பிள்ளைகளிடம் நிலைக்குமோ என்று கவலைப்படுகிறோம். தம்பூராவின் முன் உட்கார மறுக்கும் பிள்ளை மெட்டில்லாத பேஸை ஏந்தி, மேல் ஸ்வரத்துக்கும் கீழ் ஸ்வரத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய இடத்தைத் தன் செவியாலேயே தேடிப் பிடிக்கிறது. அந்தத் தேடல்தான் நம் முன்னோர் ஸ்ருதி ஞானம் என்று போற்றியது. அதற்கு ஏற்ற தந்தியை அளந்து, ஆராய்ந்து, வாங்கிக் கொடுப்பது பெற்றோர் செய்யக்கூடிய சிறிய உதவி, பலனோ சிறிதன்று.